எஞ்சின் நின்ற பிறகும் ஒரு விசில்

அபுல் ஹஸனின் காருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று எண்பத்திரண்டாம் வருஷம் கல்முனையில் பாதிப்பேர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். ஊரில் கார் இல்லாமலில்லை. வாடகைக்கு ஓடும் பழைய ஹயர் கார்கள் இருமிக்கொண்டே அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் போய் வந்தன. ஆனால் ஹஸன் ஹயர் ஓட்டிய வெள்ளை நிற ஜப்பான் கார் இருமவில்லை, விசிலடித்தது. பின்பக்கத்தில் சிவப்பெழுத்தில் ‘டேர்போ’ என்று எழுதியிருந்தது. காலை அழுத்தினால் போதும், எங்கேயோ அடிவயிற்றிலிருந்து ‘ஊய்ய்ய்’ என்று ஒரு சத்தம் கிளம்பும், ஏறி இருப்பவரின் தொப்பி பின் ஆசனத்தில் கிடக்கும்.

அந்தக் காருக்கு இப்போது வியாதி. காலையில் சாவியைத் திருப்பினால் நீலமும் வெள்ளையுமாய்ப் புகை கிளம்பி முன்வீட்டு வளவு வரைக்கும் போனது. எஞ்சின் எண்ணெயைக் கார் தண்ணீராய்க் குடித்தது. ஒரு தடவை விசிலைக் கிளப்புகிற டேர்போவையே மாற்றியாயிற்று. கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்து பூட்டினார்கள். இரண்டு மாரி தாங்கும் என்று பார்த்தால், ஒரு போகம் நெல் வெட்டி முடிவதற்குள் இரண்டாவதும் புகைக்கத் தொடங்கிவிட்டது.

இதில் புகையை விட மோசமான சங்கதி ஒன்று இருந்தது. ஹஸன் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

“இதுவும் போச்செண்டா, உள்ள விலைக்குத் தள்ளிப்போட்டு நான் சவூதிக்கே போறன் புள்ள” என்றான் மனைவி றாஹிலாவிடம். “இந்த இரும்போட மல்லுக்கட்ட என்னால ஏலா.”

தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை கிடந்தது, றாஹிலா அதைத் தைத்து முடித்தாள். பிறகு குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள். கண் ஏன் கலங்கியது என்று யாராவது கேட்டால், ஊதாமலே புகைக்கிற விறகு என்று சொல்லலாமென்று அங்கேயே நின்றாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்கு வழக்கமான கேள்வி வந்தது: ஏன்?

கேள்வி கேட்கிற வியாதி அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அது முற்றியதற்குக் காரணம் ஒலிநாடாக் கசட்.

ஹஸன் சவூதியில் லொறி ஓட்டிய காலமெல்லாம் இருவரும் குடும்பம் நடத்தியது கசட்டில்தான். ஒரு பக்கத்தில் அவன் பேசி அனுப்புவான், மறு பக்கத்தில் இவள் பேசி அனுப்புவாள். அவன் பேச்சு சீக்கிரமே மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமானதைக் கேட்பதில் என்ன இருக்கிறது? அவள் பேச்சுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கத் தொடங்கினாள். ‘எனக்குத் தனி றூம், நல்ல வசதி’ என்று அவன் சொல்லும்போது பின்னால் குறைந்தது நாலு பேர் குறட்டை விட்டார்கள். ‘பொய் சொல்ல வெக்கமில்லையா மச்சான்? அந்த மூக்கடைப்புக்காரருக்கு வேது பிடிக்கச் சொல்லுங்க’ என்று இவள் பதில் அனுப்பினாள். இன்னொரு கசட்டில் இரும்புக் கட்டில் கிரீச்சிட்டது, சில்லு வைத்த தள்ளுவண்டி ஒன்று போனது, ஒரு பெண் அரபியில் யாரையோ அதட்டினாள். ‘நீங்க ஆசுபத்திரியில இரிக்கீங்க. என்ன நடந்த?’ என்று கேட்டாள். லொறி மணலில் புரண்டதை அதற்குப் பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான். காதென்றால் அப்படிக் காது.

அந்தக் காதுக்குத்தான் காரின் விசிலும் அகப்பட்டது. கார் ஓடும்போது விசிலடிப்பது ஊருக்கே தெரியும். றாஹிலாவுக்கு மட்டும் தெரிந்தது என்னவென்றால், சில நாள் எஞ்சின் நின்ற பிறகும் அது விசிலடித்தது. பெரிய றோட்டுப் பக்கமாக எஞ்சின் சத்தம் பட்டென்று அறும். அதற்குப் பிறகு ‘ஊய்ய்ய்...’ என்று ஒன்று தனியே இழுத்து, மெலிந்து, அடங்கும். சில நாள் அது இல்லவே இல்லை. கார் வீட்டுக்குப் போகிற குறுகலான ஒழுங்கைக்குள் மெதுவாய் வளைந்து கிறுகி வந்து வாசலில் நிற்கும், சத்தம் எல்லாம் ஒன்றாய் ஓயும். ஒரே கார், ஒரே மனுஷன். பிறகு ஏன் இரண்டு விதம்?

பாண்டிருப்பிலிருந்து சாமித்தம்பி வந்து டேர்போவைக் கழற்றிய அன்று அவள் யன்னலடியிலேயே தையல் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாமித்தம்பி நெல் மில் எஞ்சின்களும் உழவு மெஷின்களும் திருத்துகிற ஆள். ஜப்பான் டேர்போ அவருக்கும் புதுசுதான். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது. வேப்ப மரத்தின் கீழே சாக்கை விரித்து, நத்தை மாதிரிச் சுருண்ட அந்த இரும்பை அதன்மேல் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நெல்லுத் தூசிதான் தம்பி” என்றார் ஹஸனிடம். “சம்மாந்துறைப் பக்கம் றோட்டெல்லாம் நெல்லைப் போட்டுச் சூடடிக்கிறானுகள். அந்தத் தூசியை இது உறிஞ்சுது.”

“எயார் பில்டரைப் போன கிழமை மாத்தின நீங்கதானே. அதுக்குள்ள ஒரு உமியாவது கிடந்துச்சா?”

“இல்லதான் தம்பி.”

“உப்புக் காத்துல சைலன்சர் துருப்பிடிச்சி மூச்சடைக்குது எண்டீங்க. அதையும் மாத்தின. உறிஞ்சிற ஹோஸும் புதுசு. மறுகா என்ன? ஒண்டு மட்டும்தான் மிச்சம் சாமியண்ணன். பஞ்சிகாவத்தையில உங்களுக்கு ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டானுகள்.”

சாமித்தம்பியின் முகம் கறுத்தது. “நான் கையால சுத்திப் பாத்து, ஆட்டம் இல்லயெண்டு கண்டுதான் எடுத்த. பிள்ளையாராணையாச் சொல்றன்.”

இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள், அதனால் சண்டை பிடிக்கத் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில்தான் யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“சாமியண்ணன், எஞ்சின் நிண்ட பொறகு விசிலடிக்கிறது என்ன?”

ஹஸன் சிரித்துவிட்டான். “எஞ்சின் நிண்டா எல்லாம் நிக்கும் புள்ள. பேயா விசிலடிக்கும்?”

“பேயோ என்னவோ, எனக்குக் கேட்டிச்சி.”

சாமித்தம்பி சிரிக்கவில்லை. “தங்கச்சி கேக்கிறதுல ஞாயம் இரிக்கி. இஞ்ச வாங்க, காட்டுறன்” என்றார்.

றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து குந்தினாள். நத்தைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்துக்குள் எஞ்சினிலிருந்து வெளியே போகிற நெருப்புப் புகை நுழைந்து ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அந்த விசிறியின் அச்சு மறு பக்கம் வரை நீண்டு, அங்கே இன்னொரு விசிறியைச் சுழற்றும். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கிவிடும். வீணாய்ப் போகிற புகையே காற்றை உள்ளே தள்ளிக்கொடுக்கிறது. சாமித்தம்பி சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் அகன்றது. யாரடா இதைக் கண்டுபிடித்தவன், அவன் கைக்குத் தங்க வளையல் போடவேண்டும் என்று நினைத்தாள்.

விரலால் விசிறியைச் சுண்டிவிட்டாள். அது சுற்றியது, ஆனால் கரகரத்தது.

“பாத்தீங்களா, எஞ்சினோட இதுக்கு நேர்த் தொடுப்பு இல்ல” என்றார் சாமித்தம்பி. “ஓடுற வேகத்துல எஞ்சின நிப்பாட்டினா, இது தன்ட பாட்டுல கொஞ்ச நேரம் சுத்தும். தங்கச்சி கேட்ட விசில் அதுதான்.”

“என்ட மெஷின் சில்லும் கால எடுத்தாப் பொறகு சுத்தும். எண்ணெய் இல்லாமச் சுத்தினா கத்தும். இதுக்கு எண்ணெய் ஆரு விடுற?”

“எஞ்சின்ட பம்புதான். இந்தா, இந்தக் குழாயால வரும்.”

“எஞ்சின் நிண்டா?”

சாமித்தம்பி குழாயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எஞ்சின் நிண்டா எண்ணெயும் நிண்டிரும்.”

அவர் அந்த எண்ணெய்க் குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தினார். கறுப்பாய், கட்டியாய், அடிப்பிடித்த பால் போல ஒன்று பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. எண்ணெய்தான், கருகிப்போன எண்ணெய். மண்சட்டியை அடுப்பை விட்டு இறக்கி வைத்தாலும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்குமே, அதே கதை. புகைப் பக்கத்து இரும்பு நெருப்பாய்ச் சிவந்திருக்கும்போது எஞ்சினை அணைத்தால், உள்ளே அகப்பட்ட எண்ணெய்க்கு ஓட வழியில்லை, நின்ற இடத்திலேயே வெந்து கட்டியாகிவிடும். அடுத்த தடவை எண்ணெய் வருகிற வழி அவ்வளவு ஒடுங்கிவிடும். இதை மூன்று பேருமாகச் சேர்த்துச் சேர்த்துப் பேசித்தான் கண்டார்கள்.

“இதுக்கு இன்னும் உசிர் இரிக்கி” என்றார் சாமித்தம்பி, அச்சை ஆட்டிப் பார்த்துவிட்டு. “குழாயைத் துப்புரவாக்கிப் பூட்டித் தாறன். ஆனா தம்பி, ஓடி வந்த சூட்டோட சாவியைத் திருப்பாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, சூடாறினாப் பொறகு நிப்பாட்டுங்க.”

“நான் ஒருநாளும் சூட்டோட நிப்பாட்டுறல்ல” என்றான் ஹஸன். “அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன். ஊட்டுக்கு வரக்கொள்ள ஒழுங்கைக்குள்ள ஆமை மாதிரித்தானே வாறன். கேளுங்க இவள.”

றாஹிலாவால் மறுக்க முடியவில்லை, அது உண்மைதான். ஆனால் அவள் காது கேட்டதும் உண்மை. ஹஸன் பொய்யாணை இடுகிற ஆளுமில்லை. அப்போ யார் நிப்பாட்டுகிறது? அன்றைக்கு முழுக்க அவள் தைத்த சட்டைக்குக் கை இரண்டும் மாறிப்போனது.

மறு கிழமை அவள் அக்கரைப்பற்றிலுள்ள தன் அக்கா ராத்தாவைப் பார்க்க வேண்டும் என்றாள். ராத்தாவின் மீது அப்படியொன்றும் புதுப் பாசம் பொங்கிவிடவில்லை. காருக்குள்ளிருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். பின்னேரம், அஸர் தொழுகைக்குச் சற்று முன் புறப்பட்டார்கள். காரைதீவு தாண்டியதும் றோட்டு வெறுமையாய்க் கிடந்தது. ஹஸன் காலை அழுத்தினான். விசில் எழுந்தது. றாஹிலா பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கசட் கேட்பதுபோலக் கேட்டாள்.

நிந்தவூர் எல்லையில், அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. ‘அல்லாஹு அக்பர்’ என்று முதல் சொல் முடிவதற்குள் ஹஸன் காரை ஓரத்துக்கு இழுத்து, நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினான். எஞ்சின் பட்டென்று செத்தது. தொழுகைக்கு அழைக்கிற அந்தப் பாங்கின் அடியில் ‘ஊய்ய்ய்...’ என்று அந்த விசில் எண்ணெயில்லாமல் அழுது அடங்கியது.

றாஹிலா கண்ணைத் திறந்தாள். ஹஸனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து, பாங்கின் சொற்களை முணுமுணுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு அமைதி. தான் காரை நிப்பாட்டிய எண்ணமே அவனுக்கு இல்லை. தும்மல் வந்தால் கண் மூடுவதை யாராவது கணக்கு வைப்பார்களா?

கதை அத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. அட்டாளைச்சேனைப் பள்ளி மணிக்கூடு நிந்தவூர் மணிக்கூட்டை விடப் பிந்தி ஓடுகிறது. இவர்கள் மறுபடி வேகம் பிடித்து அங்கே போய்ச் சேர, அங்கேயும் அஸர் பாங்கு. மறுபடி ஓரம், மறுபடி சாவி, மறுபடி விசில். நமது கரையில் பள்ளிவாசலுக்கா பஞ்சம்? ஒரே தொழுகை வக்துக்கு ஒரே கார் இரண்டு தடவை வேகவேண்டியிருந்தது. இப்படி ஒரு மனுஷன் ஓட்டுவான் என்று ஜப்பான்காரன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். றாஹிலாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? பாங்குக்குக் காரை நிப்பாட்டாதே என்று எந்த வாயால் சொல்வது?

ராத்தா வீட்டில் தேத்தண்ணி ஆறிப் போய் ஏடு படிந்தது. “என்ன புள்ள, வந்ததுல இருந்து முகட்டைப் பாத்துக்கிட்டு இரிக்காய்?” என்று ராத்தா கேட்டாள். “ஒண்டுமில்ல ராத்தா” என்றாள் இவள்.

திரும்பும்போது முன் ஆசனத்தில் ஏறினாள். நிந்தவூர் தாண்டியதும் கேட்டாள்: “மச்சான், பாங்கு கேட்டா ஏன் எஞ்சின நிப்பாட்டுற?”

“இதென்ன கேள்வி? பாங்குக்கு மரியாதை இல்லையா?”

“மத்த ஹயர்க்காரங்க றேடியோவத்தானே நிப்பாட்டுறாங்க.”

அவன் கியரை மாற்றி ஓட்டினான். அவளும் விடுவதாயில்லை. பதில் வராத இடத்தில் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம், கசட்டுக்கு மாதக்கணக்கில் காத்தவள் அவள். கடைசியில் அவன் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“லொறி புரண்ட நேரம் நான் அடியில மாட்டிக்கிட்டன். எஞ்சின் நிக்கல்ல, உறுமிக்கிட்டே கிடந்திச்சி. எவ்வளவு கத்தினாலும் என்ட சத்தம் எனக்கே கேக்கல்ல. மறுகா டீசல் ஒழுகி முடிஞ்சி அது நிண்டிச்சி. நிண்ட உடனே பாங்கு கேட்டிச்சி புள்ள. பக்கத்துலதான் பள்ளி! அவ்வளவு நேரமும் எனக்குத் தெரியா. தொழ வந்த ஆக்களுக்கு நான் கத்தினது கேட்டுத்தான் தூக்கினாங்க. அண்டைக்கு மனசுல நிய்யத்து வெச்சன். இனிமே என்ட எஞ்சின் எந்தப் பாங்கையும் அமத்தக் கூடா எண்டு.”

அந்தக் கசட்டில் இது இருக்கவில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கட்டில் கிரீச்சிட்டது கேட்டது, இது கேட்கவில்லை. அவளுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. றோட்டில் ஆட்கள் போனதால் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“டேர்போவக் கொல்றது அதுதான் மச்சான்” என்றாள்.

“எது?”

“பாங்குக்கு நீங்க எஞ்சின அணைக்கிற. ஓடி வந்த சூட்டோட. அஸருக்கு மட்டும் ரெண்டு தரம் அணைச்சீங்க. விசில் கத்தினது ரெண்டு தரமும் எனக்குக் கேட்டிச்சி.”

ஹஸன் வெடித்தான். “அப்ப என்ன செய்யச் சொல்றாய்? இந்த இரும்புக்காக நிய்யத்த முறிக்கவா? மார்க்கத்த விடக் காரா பெரிசி? போகட்டும்! கார் போகட்டும், நான் சவூதிக்குப் போறன்!”

“போங்க” என்றாள் றாஹிலா. சொன்னதும் அவளுக்கும் வெடித்துவிட்டது. “போய் கசட் அனுப்புங்க! நான் மெஷினுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு, எந்தக் கட்டில் கிரீச்சிடுது, எந்த லொறி புரளுது எண்டு கேட்டுக்கிட்டிரிக்கன். எனக்கு ஏலா மச்சான். குறட்டைய எண்ணி எண்ணி நான் குடும்பம் நடத்தினது போதும். நிய்யத்த முறிங்க எண்டு நான் சொன்னனா? எஞ்சின் பாங்க அமத்தக் கூடா, அதுதானே நிய்யத்து? சும்மா ஓடுற எஞ்சின் பாங்க அமத்துமா எண்டு ஒருநாளாவது கேட்டுப் பாத்தீங்களா?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். உண்மையில் அவன் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

சாய்ந்தமருதுக்குள் நுழையும்போது கடற்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மஃரிப் பாங்கு எழுந்தது. ஹஸன் காரை ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினான். கை பழக்கத்தில் சாவிக்குப் போனது, போய் அங்கேயே நின்றது. றாஹிலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைச் சாவியிலிருந்து எடுத்து, கதவைத் திறந்து இறங்கினான். காரின் முன்னால் போய், எஞ்சின் மூடியருகே, பள்ளிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பெரிய பாங்கு, நிதானமான குரல். ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’ என்று இழுத்தபோது கடைத்தெருவே அடங்கியிருந்தது. பாங்கின் அடியில் எஞ்சின் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவன் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், துடிப்பது தெரிந்தது. காதைச் சாய்த்தான். பாங்கின் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. உள்ளே இருந்த றாஹிலாவுக்கும் தவறவில்லை, அவள் உதட்டால் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாங்கு முடிந்தது. ஹஸன் கையை ஏந்தித் துஆ ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு வந்து, யன்னலுக்குள்ளால் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றது. இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். விசில் இல்லை, ஒன்றுமே இல்லை. பள்ளி வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்தான் கேட்டது.

“சாமியண்ணன் கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னாரே, எவ்வளவு நேரமெண்டு கேட்டீங்களா?” என்றாள் றாஹிலா.

“ஒரு பாங்கு நேரம் போதும்போல” என்றான் ஹஸன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தவன்போல மறு பக்கம் பார்த்தான். “நான் தொழுதிட்டு வாறன். சாமியண்ணனுக்கிட்ட நாளைக்கி மாப்புக் கேக்கோணும், ஓட்டைச் சாமான் எண்டு சொல்லிட்டன்.”

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் அவன் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். காரை எடுக்கும்போது கொஞ்சம் புகைத்தது, முந்திய அளவுக்கு இல்லை. றாஹிலா மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இந்த நேரத்துல எங்க ஹயர்?”

“ஹயர் இல்ல. ஏஜென்சிக்காரனுக்கிட்டப் போறன். பாஸ்போட்ட வாங்கிட்டு வரோணும்.”

“வாங்கி?”

“அலுமாரியில வை. உன்ட சீலைக்கு அடியில.”

கார் ஒழுங்கையால் கிறுகிப் பெரிய றோட்டில் ஏறியது. றாஹிலா மெஷினை மிதிக்காமல், விசில் கேட்கிற தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெஷின் மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்தாள். அவன் போனால் பேசி அனுப்பலாமென்று ஒளித்து வாங்கி வைத்திருந்த புதுக் கசட் அங்கே கிடந்தது. அதை எடுத்துக் கொண்டுபோய் முன்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பதிந்துகொள்ளக் கொடுத்துவிட்டு வந்தாள்.